இன்சுலின் தூய்மை பெற்ற வரலாறு

ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் நீரிழிவு என்று சொன்னால் சிலர் சற்று யோசிப்பர். ‘இனிப்பு நீர்’ என்றால் யாவருக்கும் விளங்கும். அந்நோய்க்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் ஊருக்கு ஊர் உளர். ஊசி போட்ட இடம் சிவந்து தடித்து அரிக்கும்போது, “இம்மருந்து என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று மருத்துவரைக் கேளாமலே அதை நிறுத்திவிடுவோரும் உண்டு. ஒத்துக்கொள்ளாதது எது? இன்சுலினா, அதனோடு வந்த வேறொரு பொருளா? இவ்வினாவை ஆராய்ந்து ஆராய்ந்தே மருத்துவ உலகம் இன்சுலினைத் தூய்மைப்படுத்திற்று. அவ்வரலாறு நாம் அறிந்துகொள்ளத் தக்கது.

ஒவ்வுதல் என்பது பொருந்துதல், பொருந்தாமையே ஒவ்வாமை. மேனாட்டார் கூறும் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906-ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்க்கே ஆவார். உள்ளே புகுந்த அயற்பொருளைப் பகையெனக் கருதி உடல் அளவுக்கு மீறி எதிர்ப்பதே ஒவ்வாமை. இவ்வாறு பகையாகக் கருதப்படுபவை பெரும்பாலும் புரதங்கள். இன்சுலினும் ஒரு புரதமே.

கனடா நாட்டு டொராண்டோ நகரில் 1921-இல் பாண்டிங்கும் பெஸ்டும் விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது ஊசிவழி செலுத்தப்பட்டது. கலங்கிய பழுப்பு நிறச் சாறு அது. சர்க்கரை சிறிதளவே குறைந்தது. ஊசி போட்ட இடத்திலோ கட்டி எழுந்தது. மருத்துவர்கள் ஊசியை நிறுத்தினர். ஆனால் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. சாற்றில் கலந்திருந்த மாசே கேட்டுக்குக் காரணம் எனக் கொண்டு, கோலிப் என்னும் வேதியியலறிஞர் அதனை இரவு பகலாகத் தூய்மை செய்தார். ஜனவரி 23-ஆம் நாள் மீண்டும் ஊசி தொடங்கியது. இம்முறை சர்க்கரை நன்கு இறங்கியது. சாவின் வாயிலில் நின்ற அச்சிறுவன் 1935 வரை உயிர் வாழ்ந்தான். பாண்டிங்குக்கும் ஆய்வுக்கூடத் தலைவர் மக்ளியோடுக்கும் 1923-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பின் பல்லாண்டுக் காலம் உலகுக்கு வேண்டிய இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே கிடைத்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் கூடி வாழும் மலாயா போன்ற நாட்டில் இது மனத்துக்கும் ஓர் ஒவ்வாமை எனலாம். உடலின் ஒவ்வாமைக்கு விளக்கம் தந்தவர் இங்கிலாந்தின் பிரெடரிக் சேங்கர். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் எவ்வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதை அவர் 1955-இல் முழுமையாகக் கண்டறிந்தார். மனித இன்சுலினுக்கும் பன்றியினதற்கும் வேறுபாடு ஓர் அமிலமே, மாட்டினதற்கோ மூன்று. மாலையில் ஒரு மணி மாறினும் உடல் அதனை அயலெனக் கண்டுகொள்ளக்கூடும். விலங்கு இன்சுலின் பெற்றவர் குருதியில் எதிர்ப்பொருள் தோன்றுவதை அமெரிக்காவில் பெர்சனும் ரோசலின் யாலோவும் 1956-இல் மெய்ப்பித்தனர்.

தூயதென எண்ணிய இன்சுலினிலும் வேறு புரதங்கள் கலந்திருத்தல் பின்னர்ப் புலப்பட்டது. 1970-களில் மிகத் தூய வகைகள் வந்தன, ஒவ்வாமையும் குறைந்தது. 1978-இல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினையே ஆக்கினர். 1982-இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. கணையத்துக்காக விலங்கை நாடவேண்டிய நிலை நீங்கியது.

எனினும் ஒவ்வாமை முற்றும் மறையவில்லை, அரிதாயிற்று. இன்று அது தோன்றினால், இன்சுலினோடு உடன் வருவனவற்றையும் மருத்துவர் ஆராய்வர். மருந்து நெடுநேரம் வேலை செய்வதற்காக டென்மார்க்கின் ஹாகடோர்ன் 1936-இல் சேர்த்த புரோட்டமின், மீனிலிருந்து பெற்ற புரதமாகும். கலங்கலாகத் தோன்றும் ஒருவகை இன்சுலினில் இன்றும் அது உண்டு. கெடாதிருக்கச் சேர்க்கும் பொருள்களும் சிலருக்கு ஆகா.

இவ்வரிசையில் நம்மவர் நன்கறிந்த பொருளும் ஒன்றுண்டு. அதுவே ரப்பர்ப் பால். 1877-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்குக் கன்றுகளாக வந்த ரப்பர், பின்னர் ஜொகூரெங்கும் பரவித் தலைமுறை தலைமுறையாகத் தமிழருக்குச் சோறிட்டது. அப்பாலிலும் புரதம் உண்டு. ரப்பர்க் கையுறையால் உண்டான ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஒன்று 1979-இல் பிரிட்டனில் வெளிவந்தபின் மருத்துவர் விழிப்புற்றனர். இன்சுலின் புட்டியின் ரப்பர் மூடியைத் துளைத்துச் செல்லும் ஊசி, அப்புரதத்தையும் உடலுக்குள் கொண்டுசெல்லக்கூடும் எனப் பின்னர் அறிந்தனர். இதனால் செயற்கை ரப்பர் மூடிகள் வழக்கிற்கு வந்தன. பழி இன்சுலின் மேல். குற்றம் மூடியின் மேல்!

உண்மையிலேயே இன்சுலின்தான் ஒவ்வாதது என்று தெளிந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. வேறு வகை இன்சுலினுக்கு மாற்றலாம். அல்லது மருத்துவமனையில் மிகச் சிறு அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி உடலைப் பழக்கலாம். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனையை அடைதல் வேண்டும். அரிப்பு மட்டுமெனில் மருத்துவரிடம் புட்டியோடு சென்று காட்டுதல் நன்று. இன்சுலினையே நம்பி வாழ்வோர் தாமாக அதனை விட்டுவிடின் சில நாள்களிலேயே உயிருக்கு இடர் நேரும்.

முதல் ஊசி கேடு செய்தபோது டொராண்டோ அறிஞர் இன்சுலினைக் கைவிட்டிருந்தால் அச்சிறுவன் பிழைத்திருக்கமாட்டான். மருந்தை விலக்குமுன் மாசைத் தேடுக என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.