கோல்கேனன்

கோல்கேனன் என்பது மசித்த உருளைக்கிழங்குடன் முட்டைக்கோசு அல்லது பரட்டைக்கீரை கலந்து செய்யப்படும் அயர்லாந்து நாட்டு மரபுவழி உணவு ஆகும். இப்பெயர் "வெண்தலை முட்டைக்கோசு" எனப் பொருள்படும் ஐரிய மொழிச் சொற்களில் இருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருளைக்கிழங்கே அயர்லாந்தின் ஏழை உழவர்களின் முதன்மை உணவாக இருந்தது. 1845இல் பரவத் தொடங்கிய கருகல் நோயால் விளைச்சல் அழிந்தது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர். அதன் பின்னரும் இவ்வுணவு வழக்கொழியவில்லை.

செய்முறை

மாவுத்தன்மை மிகுந்த கிழங்குகள் தோலுடன் வேகவைக்கப்பட்டு, உரிக்கப்பட்டு, சூடு ஆறுமுன் மசிக்கப்படுகின்றன. அளவுக்கு மீறிப் பிசைந்தால் மாப்பொருள் வெளிப்பட்டு மசியல் பசைபோல் ஆகிவிடும். தனியே வேகவைத்த முட்டைக்கோசோ கீரையோ நீர் வடிக்கப்பட்டுப் பொடியாக நறுக்கப்படுகிறது. இதனுடன் வெங்காயத்தாள் இட்டுக் காய்ச்சிய பால், உப்பு, மிளகுத்தூள் ஆகியன மசியலில் சேர்க்கப்படுகின்றன. பரிமாறும்போது நடுவில் குழி செய்து வெண்ணெய் இடப்படுகிறது. ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, உருகிய வெண்ணெயில் தோய்த்து உண்பர்.

வழக்கம்

அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீன் இரவில் இவ்வுணவினுள் மோதிரம், காசு ஆகியவற்றை மறைத்து வைப்பது மரபு. மோதிரம் கிடைத்தவருக்கு விரைவில் திருமணம் நடக்கும் என்றும், காசு கிடைத்தவருக்குச் செல்வம் சேரும் என்றும் நம்பப்பட்டது.