யாருக்க ரோடு இது?

நெய்யூர் என்றதும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரி. 1838-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ராம்சே வைத்தியம் பார்க்க ஆரம்பித்த இடம். அடுத்து ஞாபகம் வருபவர் டாக்டர் சோமர்வெல். இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன மனுஷர். முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் இங்கேயே தங்கிவிட்டார். பனியில் பிறந்து பனியில் ஏறியவர், பனியே இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்த கதை இது!

பனி இல்லை, சரி. குளிர்காலம் இல்லையா என்ன? இருக்கிறது. அதற்குப் பெயர் ஐப்பசி, கார்த்திகை. சோமர்வெல் பிறந்த ஊரில் ரோட்டை மூடுவது பனிக்கட்டி. நம்ம ஊரில் அந்த வேலையை மழையும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன.

2017 நவம்பர் 30-ஐ குமரிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கி புயல். கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலோடு கடந்து போனது, கரையேறக்கூட இல்லை. கடலுக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தை இங்கே ரெண்டு வரியில் சொல்லிவிட்டுப் போவது பாவம், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். நான் சொல்ல வந்தது கரையில் நடந்தது. ரப்பர், தென்னை, பலா, புளி என்று ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ரப்பர் மரம் ஏற்கெனவே காற்றுக்குத் தாங்காத ஜாதி. மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. உள்ளூர் ரோடுகள் பலவும் துண்டு துண்டாகிப் போயின.

ரோட்டில் மரம் விழுந்தால் வெட்டி எடுக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். அத்தனை சுலபமில்லை. மரத்தோடு கரண்டு கம்பியும் பின்னிக் கிடக்கும். லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று மின்வாரியம் சொல்லாமல் அரிவாளை வைக்க முடியாது. அவர்களுக்குப் போன் போட்டால் டவர் கிடைக்காது. இதற்கு நடுவில் ஒரு பிரசவக் கேஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரை நினைத்துப் பாருங்கள். பத்து நிமிஷப் பாதை. நாலு இடத்தில் மரம்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. குமரித் தமிழில் சொன்னால், ‘யாருக்க ரோடு இது?’ யாருடைய ரோடு என்று அர்த்தம். விளையாட்டுக் கேள்வியல்ல. வீட்டு வாசல் ரோடு பேரூராட்சியுடையது. அது போய்ச் சேரும் ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊர் எல்லையைத் தாண்டினால் ஊராட்சி ஒன்றியத்து ரோடு. மெயின் ரோடு, அதாவது முன்னால் 47 என்று நம்பர் போட்டிருந்து இப்போது 66 ஆகியிருக்கும் திருவனந்தபுரம் ரோடு, தேசிய நெடுஞ்சாலை. பத்து நிமிஷப் பயணத்தில் நாலு எஜமானர்கள்!

ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. இது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். ரோடு என்றால் சர்க்கார் ரோடு, அதைக் கவனிப்பது மராமத்து இலாகா. 1872 வரை திவானாக இருந்த டி. மாதவ ராவ் காலத்தில்தான் இந்த இலாகா உருப்பெற்று வண்டிப் பாதைகள் பெருகின. 1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது ரோடுகளும் கூடவே வந்தன. பல ரோடுகள் குளத்தங்கரை மேல் போகிறவை. கரை ஊறினால் ரோடும் ஊறும். கரை சரிந்தால் ரோடும் சரியும்.

ரோட்டோர மரங்களும் பழைய காலத்து ஏற்பாடுதான். கால்நடையாகப் போகிறவனுக்கும் மாட்டு வண்டிக்கும் நிழல் வேண்டுமே! தமிழ்நாட்டில் இன்றும் ரோட்டோரப் புளியமரங்களின் காயை ஏலம் விடுகிறார்கள். ஏலம் விடும்போது அது சர்க்கார் மரம். விழும்போது மட்டும் கடவுள் செயல்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன விஷயம் இது. 1975-ல் குஜராத் ராஜ்கோட்டில் ஒருவர் ஆபீஸுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். ரோட்டோர மரம் அவர் மேல் விழுந்தது. இறந்துபோனார். குடும்பம் மாநகராட்சி மீது கேஸ் போட்டது. கீழ்க்கோர்ட் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது, ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. 1997-ல் உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொல்லிவிட்டது. திடீரென்று விழும் ஒவ்வொரு மரத்துக்கும் மாநகராட்சியைப் பொறுப்பாக்க முடியாதாம்! எனக்கு இந்தத் தீர்ப்போடு ஒட்டவே முடியவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வாதம் நம்ம ஊர்ச் சரக்கல்ல, இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த பழைய சரக்கு.

கொஞ்சம் அங்கே போய்விட்டு வருவோம். 1555-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. அந்தந்த ஊர் ரோட்டை அந்தந்த ஊர்க்காரர்களே பராமரிக்க வேண்டும், வருஷத்துக்கு நாலு நாள் எல்லோரும் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நம்ம ஊர்க் குடிமராமத்து மாதிரி. சரி, அப்படியும் ரோடு மோசமாகி ஒருத்தனுக்கு அடிபட்டால்? 1788-ல் டெவன் பகுதியில் பழுதான பாலத்தால் ஒருவருடைய வண்டி நொறுங்கியது. அவர் கேஸ் போட்டார். தள்ளுபடி! ஊர் மொத்தத்தையும் கோர்ட்டுக்கு இழுக்க ஆரம்பித்தால் கேஸுக்கு முடிவே இருக்காது என்று ஜட்ஜுகள் பயந்தார்கள். அந்தக் கவசம் 1961-ல் வந்த சட்டத்தில்தான் கழன்றது.

பனிக்கு மட்டும் கழலவில்லை. 1991 நவம்பரில் கிழக்கு சஸெக்ஸில் ஒருவருடைய கார் ரோட்டில் உறைந்திருந்த பனியில் சறுக்கியது. உடம்பே செயலிழந்துபோனது. கவுன்சில் உப்புப் போடவில்லை என்று கேஸ். 2000-ல் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு: ரோட்டைப் பழுது பார்ப்பதுதான் கவுன்சிலின் சட்டக் கடமை, மேலே கிடக்கும் பனியை அகற்றுவது அதில் சேராது! பார்லிமென்ட் சும்மா இருக்கவில்லை. 2003-ல் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். பனியாலும் பனிக்கட்டியாலும் ரோட்டில் ஆபத்து வராமல், நியாயமாக முடிந்த அளவு பார்த்துக்கொள்வது கவுன்சிலின் கடமை.

ஒரே வரிதான். ஆனால் ‘நியாயமாக முடிந்த அளவு’ செய்தோம் என்பதை யார் நிரூபிப்பது? கவுன்சில்தான். ஆகவே எந்த ரோட்டுக்கு முதலில் உப்பு, லாரி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறார்கள். பஸ் போகும் ரோடும் ஆஸ்பத்திரி ரோடும்தான் பொதுவாக முதலில். உப்புக் கலந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பதுதான் இதன் சூத்திரம். செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் என்ற இடத்தில் சுரங்கமே தோண்டி இந்த உப்பை எடுக்கிறார்கள். நாம் மாங்காய் ஊறுகாய்க்குப் போடுவதை அவர்கள் தார் ரோட்டுக்குப் போடுகிறார்கள்!

நம்ம ரோட்டுக்கு உப்பு வேண்டாம். கலுங்கு சுத்தமாக இருந்தால் போதும். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் சின்னப் பாலத்தை குமரியில் கலுங்கு என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டு மேல் ஏறும். தாருக்கும் ஜல்லிக்கும் நடுவில் புகுந்து பிரித்துவிடும். ஓரத்து மண்ணை அரித்துவிடும். அப்புறம் ஒரு லாரி போனால் போதும், ரோடு உள்ளே இறங்கும். 2021 நவம்பரில் குமரியில் பேய்மழை கொட்டியபோது ரோடுகள் முழுகியது மட்டுமில்லை, தண்டவாளத்தில் மண் சரிந்து நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயிலே நின்றது.

பேரூராட்சி செய்ய வேண்டியது பெரிய கம்பசூத்திரமில்லை. புரட்டாசிக்குள் ஓடையும் கலுங்கும் தூர் வார வேண்டும். பட்டுப்போன கொம்புகளைக் கழிக்க வேண்டும். மரம் அறுக்கும் மிஷினும் அதற்கு டீசலோ பெட்ரோலோ கையில் இருக்க வேண்டும். ஜேசிபி யாரிடம் இருக்கிறது என்று நம்பர் குறித்து வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி ரோட்டில் எந்த மரம் விழுந்தால் யார் வெட்டுவது என்பதை மழைக்கு முன்பே நாலு எஜமானர்களும் உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டும்.

கோர்ட்டும் லேசாகத் திரும்ப ஆரம்பித்திருக்கிறது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், ரோட்டுக் குழியிலோ மூடாத சாக்கடைத் துவாரத்திலோ விழுந்து ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. மகாராஷ்டிராவுக்கு மட்டும்தான். மரத்துக்கு இன்னும் ராஜ்கோட் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது.

உங்கள் தெருக் கலுங்கைக் கடைசியாக எப்போது தூர் வாரினார்கள் என்று தெரியுமா? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வரவேண்டும். ஆவணியில் மனு போட்டால் ஐப்பசிக்கு முன்னால் தேதி கைக்கு வந்துவிடும்.