கடனும் கடமையும்: மலாக்காத் தமிழர் வரலாற்றில் கடனாளியின் பொறுப்பு

'கடன்' என்னும் சொல் தமிழில் திருப்பித் தரவேண்டிய பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கும். கடன்பட்டவனின் கடமை எது என்ற வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. மலாக்காத் தமிழர் வாழ்வை முன்வைத்து அவ்விடைகளை இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் உருவான மலாக்காச் சட்டத் தொகுப்பு கடனடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. கடனைத் தீர்க்க இயலாதவன் தன் உழைப்பையே ஈடாகக் கொடுத்தான். 1826-இல் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களுள் ஒன்றானது. 1890-களின் இறுதியில் புக்கிட் அசகானில் பெரும் இரப்பர்த் தோட்டம் உருவாயிற்று. தோட்டங்களை நாடித் தமிழர் வந்தபோதும் கடனே அவர்களுக்கு முன்னே வந்து நின்றது எனலாம். ஒப்பந்தக் கூலி முறையில் கப்பற்செலவும் முன்பணமும் கூலியில் பிடிக்கப்பட்டன. கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நீங்க இயலாது. 1907-இல் முதலாளிமாரிடம் வரி பெற்று அமைந்த தமிழர் குடியேற்ற நிதி, பயணக் கடனின்றி வர வழிகோலியது. 1910-இல் ஒப்பந்த முறை முடிவுற்றது. ஆயினும் கடைப்பற்றும் கங்காணியிடம் பெற்ற கைமாற்றும் தொடர்ந்தன.

நகரங்களில் நிலை வேறு. செட்டியார்களின் கிட்டங்கிகளில் உடலன்று, நிலப்பட்டாவும் புரோநோட்டுமே ஈடாயின. 1930-களின் மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது ஈட்டு நிலங்கள் பல கைமாறின. பின்னர் வந்த 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம் இத்தொழிலை உரிமத்திற்கு உட்படுத்தியது.

இவற்றுக்கிடையே பாட்டாளிகள் தாமே நடத்திய 'கூட்டு' தனித்து நோக்கத்தக்கது. மாதந்தோறும் அனைவரும் பணம் இடுவர். ஒருவர் முறை வைத்து மொத்தத்தையும் எடுப்பார். முதலில் எடுத்தவர் கடைசி மாதம்வரை தவறாது செலுத்தவேண்டும். அவரைக் கட்டியது பத்திரமன்று, அண்டைவீட்டார் நம்பிக்கையே. எடுத்தவர் மறைந்துபோனால் எஞ்சியோர் இழந்தனர். இம்முறையைத் தடைசெய்த 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தமிழ்ச் சொல்லையே தன் பெயரில் தாங்கியுள்ளமை குறிப்பிடத்தக்கது.

1967-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் கடனாளியின் கடமையை வேறு தளத்திற்குக் கொண்டுசென்றது. நொடித்தவராக அறிவிக்கப்பட்டவர் தம் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் அறிக்கையாகத் தரவேண்டும், கணக்கு ஒப்படைக்கவேண்டும், நிர்ணயித்த தொகையைச் செலுத்தவேண்டும், இசைவின்றி நாட்டை விட்டு வெளியேறலாகாது. 2017-இல் இச்சட்டம் திருத்தப்பெற்றுப் பெயரும் மாறியது. நொடித்தவராகும் முன்னரே கடன்கொடுத்தோருடன் திருப்பிச் செலுத்தும் உடன்பாடு காண அத்திருத்தம் வழிசெய்தது. நீதிமன்றத்தின் இடைக்கால ஆணை 90 நாள் பாதுகாப்பளிக்கும். அதற்குள், வாக்களிப்போரின் கடன்மதிப்பில் முக்கால் பங்கினர் உள்ளிட்ட பெரும்பான்மையினர் திட்டத்தை ஏற்கவேண்டும். உண்மையை மறைத்து இசைவு பெறுதல் குற்றம். தவணை தவறினால் நொடிப்பு வழக்கு மீண்டும் வாயிலில் நிற்கும். 2006-இல் பேங்க் நெகாரா நிறுவிய கடன் ஆலோசனை, மேலாண்மை நிறுவனமும் நீதிமன்றத்திற்கு வெளியே தவணைத் திட்டம் வகுத்துத் தருகிறது.

ஆக, அன்று உழைப்பையும் பின்னர் நிலத்தையும் கேட்ட கடன் இன்று முதற்கண் கேட்பது கணக்கையே. இங்கேதான் நம்மவர் இடறுவதாகக் கருதுகின்றோம். தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்திற்குப் பெயர்ந்தவரின் பழைய முகவரிக்கே அறிவிப்பு செல்வதுண்டு. கையில் கிடைத்தாலும், மலாயில் உள்ள அக்கடிதத்தை வெட்கத்தால் பிரிக்காது வைப்போர் உளர். நேரில் சேராத அறிவிப்பை வேறு வழியில் சேர்ப்பிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். ஆகவே மறைந்திருத்தல் காப்பாகாது. தாம் நொடித்தவர் என்பதைக் குடிநுழைவு முகப்பில் அறிவோரும் உண்டு.

கூட்டில் முதற்பணம் எடுத்தவர் ஒவ்வொரு மாதமும் முகம் காட்டினார். அதுவே அவர் நாணயம். இன்றைய திட்டமும் வேண்டுவது அதனையே. கடன்படுதல் இழிவன்று, கணக்கை மறைத்தலே கேடு என்பதை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைத்தல் தமிழாசிரியர்களின் தலையாய கடன்களுள் ஒன்றெனக் கொள்கின்றோம்.