கல்லாப்பெட்டி மேல் சிரிப்பவர் யார்?

வாலாஜாபேட்டை கடைத்தெருவில் கல்லாப்பெட்டிகளாகப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு திரிந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "இன்னாப்பா, ஜிஎஸ்டி ஆபீசா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். ஐயா சாமி, நான் எடுத்தது கல்லா மேல் இருக்கும் அதிர்ஷ்ட பொம்மைகளை!

ஒரு செல்போன் கடையில் பேட்டரியில் கையாட்டும் பூனை. சீனப் பூனை என்றுதான் நினைத்திருந்தேன், ஜப்பானாம். 1852-ல் ஹிரோஷிகே வரைந்த படத்திலேயே இந்தப் பொம்மையைக் கடை போட்டு விற்கிறார்கள். அது டாட்டா காட்டவில்லை, உள்ளே வா என்று கூப்பிடுகிறது. நாமும் உள்ளங்கையைக் கீழே காட்டித்தானே கூப்பிடுகிறோம்.

ஆனால் அதிகம் சிக்கியவர் தொப்பையும் மூட்டையுமாகச் சிரிக்கிறவர்தான். ஒரு செருப்புக் கடையில் அவரை எடுக்கப் போனேன். கடைக்காரர் கையால் மறைத்தார். "வேணாம் தம்பி, கண்ணு பட்டுடும். ஆம்பூர் ஷூ கம்பெனியில பையன் வாங்கின மொத சம்பளத்துல குடுத்தது." (இந்தப் பொம்மையை நாமே வாங்கினால் பலிக்காது, யாராவது தர வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது.)

பேச்சு கொடுத்தேன். "புத்தரு தானே இது?" என்றார்.

இல்லை. சித்தார்த்தர் வேறு, இவர் வேறு. இவர் 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் செஜியாங் பகுதியில் திரிந்ததாகச் சொல்லப்படும் ஒரு துறவி. எப்போதும் துணி மூட்டையோடு அலைந்ததால் பெயரே பூதாய், அதாவது துணிப்பை. இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரம் இவர் என்று மக்கள் நம்ப, சீனக் கோயில் வாசல்களில் உட்கார்ந்துவிட்டார். ஹாங்சோ அருகே பாறையில் செதுக்கிய இவரது சிலை சோங் அரசர் காலத்தது. நம் கடைகளுக்கு வந்தது அண்மையில், பெங் சுயி மோகத்தோடு.

"அப்ப நம்ம புத்தரு எங்க?"

நல்ல கேள்வி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் காஞ்சிபுரம். மணிமேகலை அறம் கேட்ட ஊர். 7ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங், அங்கே நூறு விகாரங்களும் 10,000 துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்தார். பிறகு விகாரங்கள் மறைந்தன. 1915-ல் டி. ஏ. கோபிநாத ராவ் தேடியபோது, காமாட்சியம்மன் கோயிலிலேயே புத்தர் சிலைகள் இருந்தன! அன்றைக்குச் சீனர் புத்தரைத் தேடி இங்கே வந்தார். இன்றைக்கு நாம் சீனத் துறவியைக் கல்லா மேல் வைத்துப் புத்தர் என்கிறோம். எனக்கென்னவோ இதில் சிரிப்பைவிட வெட்கம்தான் அதிகம். நானும் என் படங்களுக்குப் 'புத்தர்' என்றுதான் பெயர் போட்டு வைத்திருந்தேன்.

காஞ்சிபுரத்துப் புத்தர் சிலையின் படம் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவரு சிரிக்கலியே தம்பி" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, துணியால் பொம்மையின் தொப்பையைத் துடைத்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "சரி, ஒண்ணே ஒண்ணு எடுத்துக்க."