கீரிப்பூச்சியும் குடும்பமும்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. மனிதனோடு ஒரே பாயில் படுத்து, அவன் உண்ட உணவிலேயே பங்கு கொண்டு, பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து வந்திருக்கும் ஒரு சிறு புழுவுக்கும் வரலாறு உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும், சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் நள்ளிரவில் நம் குழந்தைகளின் உறக்கத்தைக் கெடுப்பது எந்த மன்னனின் படையெடுப்பும் அன்று, இந்தப் புழுதான். அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நாணி, பெற்றோர் குழந்தையை அதட்டுவதும், தந்தை தாயைக் குறை கூறுவதும், தாய் அண்டை வீட்டைக் குறை கூறுவதும் பல இல்லங்களில் நடப்பனவே. இந்த நாணத்துக்கும் குறைகூறலுக்கும் இடமில்லை என்பதை அப்புழுவின் வரலாறே காட்டும்.

தமிழில் இதனைக் கீரிப்பூச்சி என்பர். நூற்புழு என்றும் வழங்குவர். வெள்ளை நூல் துண்டு போன்றது. பெண் புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம். ஆண் புழு அதில் பாதியும் இராது. பெருங்குடலின் தொடக்கப் பகுதியே இதன் உறைவிடம். குழந்தை உறங்கிய பின்னர்ப் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து, அங்குள்ள தோலின்மீது ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டு மடிகிறது. அதனால் அரிப்பு உண்டாகிறது. குழந்தை தூக்கத்திலேயே சொறிகிறது. முட்டைகள் நகக்கண்களில் தங்குகின்றன. விடிந்ததும் விரல் வாய்க்குச் செல்கிறது. இட்ட சில மணி நேரத்திலேயே முட்டைகள் தொற்றும் தன்மையை அடைந்துவிடுகின்றன. விழுங்கப்பட்ட முட்டை ஏறத்தாழ ஒரு மாதத்தில் தானும் முட்டையிடும் புழுவாகிவிடுகிறது. இதற்கு ஈரமண் வேண்டாம், கொசு வேண்டாம், நாயும் பூனையும் வேண்டாம். மனிதனும் அவன் வீடுமே போதும்.

இந்த உறவு எவ்வளவு பழமையானது? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் டேஞ்சர் குகை என்றொரு குகை உண்டு. அங்கு வாழ்ந்த பண்டை மக்களின் உலர்ந்த மலத்தை ஆராய்ந்த அறிஞர்கள், அதில் கீரிப்பூச்சியின் முட்டைகளைக் கண்டதாக 1969-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதன் காலம் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியது. அந்தக் குகையில் வெல்லமும் இல்லை; மிட்டாய்க் கடையும் இல்லை. புழு மட்டும் இருந்தது.

நம் நாட்டு மருத்துவ நூல்களும் இதனை மறக்கவில்லை. சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் ஏழாம் அத்தியாயத்தின் பெரும்பகுதி கிருமிகளைப் பற்றியது. இங்கே ஒரு சொல்லைச் சற்று நின்று நோக்குதல் நலம். இன்று கிருமி என்றால் கண்ணுக்குத் தெரியாத நோய் நுண்ணுயிரை எண்ணுகிறோம். பழைய நூல்களில் அச்சொல் கண்ணால் காணத்தக்க புழுக்களையும் தழுவி நின்றது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைக்காவிடில் பொருள் மாறிப் போய்விடும்.

சரகர் இருபது வகைக் கிருமிகளைக் கூறி, மூன்று வழிகளை வகுத்தார். முதலாவது அபகர்ஷணம், அதாவது புழுவை வெளியேற்றுவது. இரண்டாவது பிரகிருதி விகாதம். அது தழைப்பதற்கு ஏற்ற நிலையை அழிப்பது. மூன்றாவது நிதான பரிவர்ஜனம், காரணத்தை விலக்குவது. மருந்தோடு நிறுத்தாமல் காரணத்தையும் விலக்கு என்று கூறிய அந்த மூன்றாம் வழியே நம் பொருளுக்கு உயிர்நிலையானது. ஆனால் அக்காரணம் இன்னதென்று அறிவதிலேதான் பழைய அறிவு தடுமாறியது. பால், வெல்லம், எள் முதலியவற்றை மிகுதியாக உண்பதால் கபம் பெருகி அதிலிருந்து சில புழுக்கள் தோன்றும் என்று அக்காலத்தார் கருதினர். “இனிப்புத் தின்றால் பூச்சி வரும்” என்று நம் பாட்டிமார் கூறுவது அந்தக் கருத்தின் எதிரொலியே. கிரேக்க நாட்டிலும் ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்கள் குழந்தைகளுக்கு இப்புழு வருவதைக் குறிப்பிடுகின்றன. புழு உடலுக்குள்ளேயே தானாக உருவாகிறது என்ற எண்ணம் மேலை நாடுகளிலும் நெடுங்காலம் நிலவியது.

அந்த எண்ணத்தை உடைத்தவர்களுள் ஒருவர் ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் ருடால்ஃப் லாய்க்கார்ட். 1865-ஆம் ஆண்டில் அவரும் அவர் மாணவர் சிலரும் கீரிப்பூச்சியின் முட்டைகளைத் தாமே விழுங்கினர். சில வாரங்களுக்குள் அவர்கள் உடலிலிருந்து புழுக்கள் வெளிப்பட்டன. வெல்லத்திலிருந்தும் கபத்திலிருந்தும் புழு பிறப்பதில்லை, முட்டையிலிருந்தே பிறக்கிறது என்பது அதனால் ஐயமற விளங்கியது. பிள்ளை இனிப்புத் தின்றான் என்று அவனைத் தண்டித்து வந்த தாய்மார்க்கெல்லாம் அந்த ஆண்டே விடுதலை கிடைத்திருக்க வேண்டும். நூல்களில் கிடைத்தது, வீடுகளில் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.

இனி மருந்துகளின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். நம் நாட்டில் வாய்விடங்கமும் வேம்பும் நெடுங்காலம் கையாளப்பட்டன. வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் நல்ல உணவுகளே. ஆனால் படுக்கையில் உதிர்ந்து கிடக்கும் முட்டையை அவை தொடுவதில்லை. ஐரோப்பாவில் ஒருவகைச் செடியின் மொட்டுகளிலிருந்து 1830-இல் பிரித்தெடுக்கப்பட்ட சாண்டோனின் நெடுங்காலம் புழு மருந்தாக வழங்கியது. அதை உண்டவர்க்குக் காண்பதெல்லாம் மஞ்சளாகத் தோன்றுவதும், அளவு மிஞ்சினால் உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜென்ஷன் வயலெட் என்னும் ஊதாச் சாயத்தை மாத்திரையாகக் கொடுத்தனர்; அது வாந்தியை உண்டாக்கிற்று. 1950-களில் பைப்பரசீன் வந்தது. அதைப் பல நாட்கள் தொடர்ந்து உண்ண வேண்டியிருந்தது. 1970-களில் மெபெண்டசோலும், 1980-களில் ஆல்பெண்டசோலும் மனிதருக்கு வழங்கலாயின. ஒரே மாத்திரையில் வேலை முடிந்தது என்று மக்கள் மகிழ்ந்தனர்.

மருந்துகள் மாறின; புழு திரும்பி வருவது மட்டும் மாறவில்லை. ஏன்?

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் 1930-களின் பிற்பகுதியில் வாஷிங்டன் நகரில் ஆராய்ந்த அறிஞர் குழுவினர். அவர்கள் நோயாளியை மட்டும் பார்க்கவில்லை, வீட்டையும் பார்த்தனர். தொற்று இருந்த வீடுகளின் தூசியைத் திரட்டி நோக்கியபோது, அதிலும் முட்டைகள் காணப்பட்டன என்று 1939-இல் வெளியிட்டனர். அக்குழுவைச் சேர்ந்த எலாயிஸ் கிராம் என்னும் பெண் அறிஞர், இது தனி ஒருவரின் நோய் அன்று, குடும்பத்தின் நோய் என்பதை வலியுறுத்தினார். 1941-இல் கிரகாம் என்பவர் கண்டறிந்த முறையும் இதற்குத் துணை செய்தது. மலப் பரிசோதனையில் இதன் முட்டைகள் பெரும்பாலும் தென்படுவதில்லை. காலையில் குழந்தை கழுவிக் குளிக்கும் முன், ஒட்டும் கண்ணாடித்தாளை ஆசனவாயின் ஓரத்தில் ஒற்றி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அவை தெரியும். இந்த எளிய முறையே இன்றும் வழங்கி வருகிறது. அவ்வாறு வீட்டில் எல்லோரையும் சோதித்தால், அரிப்பு ஒன்றும் இல்லாத பெரியவர்களிடத்தும் புழு இருப்பது வெளிப்படுவதுண்டு. ஆகவே குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்த குடும்பம், ஒரு வாயிலை அடைத்து மற்ற வாயில்களைத் திறந்து வைத்த குடும்பமே.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனியே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. புழு நோய் என்றால் வெப்ப நாட்டு நோய் என்று எண்ணுகிறோம். கீரிப்பூச்சியோ குளிர்ந்த நாடுகளிலும் மிகுதியாகக் காணப்படுவது. வெயிலிலும் வறட்சியிலும் அதன் முட்டை விரைவில் அழியும். குளிர்ச்சியும் ஈரமும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடிருக்கும். தில்லியின் தை மாதத்தை எண்ணிப் பாருங்கள். சொந்த ஊரில் நாள்தோறும் குளித்துத் தனிப் பாயில் படுத்த குழந்தை, இங்கே குளிருக்கு அஞ்சிக் குளியலைத் தள்ளிப் போடுகிறது. கம்பளி உடையை நாட்கணக்கில் அணிகிறது. ஒரே ரஜாயின்கீழ் உடன்பிறந்தாரோடு நெருங்கிப் படுக்கிறது. மும்பையின் சால்களிலும் கொல்கத்தாவின் ஒற்றையறை வீடுகளிலும் குளிர் குறைவானாலும் நெருக்கம் உண்டு. இது அசுத்தத்தின் அடையாளம் அன்று. இடத்தின் நெருக்கமும் பருவத்தின் இயல்புமே ஆகும்.

அயல்மொழி மருத்துவரிடம் செல்லும்போது சொல்லும் தடையாகிறது. இந்தியில் ‘பேட் கே கீடே’ என்றும், மராத்தியில் ‘ஜந்த்’ என்றும், வங்காளத்தில் ‘க்ருமி’ என்றும் சொன்னால் எல்லா வகைக் குடற்புழுவும் அதில் அடங்கிவிடும். ஆதலால் பெயரோடு நிறுத்தாமல், இரவில் ஆசனவாயில் அரிப்பு உண்டு, நூல் போன்ற வெள்ளைப் புழுவைக் கண்டோம் என்று விளக்கிச் சொல்லுதல் வேண்டும்.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசு தேசியக் குடற்புழு நீக்க நாளைத் தொடங்கியது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆல்பெண்டசோல் வழங்கும் இத்திட்டம் பெரும்பாலும் மண்வழிப் பரவும் புழுக்களைக் கருதியது. அம்மாத்திரை கீரிப்பூச்சியையும் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் பள்ளியில் மாத்திரை உண்ட சிறுவன் மாலையில் திரும்புவது அதே வீட்டுக்கு, அதே படுக்கைக்கு. அங்குள்ள மற்றவர்கள் மருந்து உண்ணவில்லை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? மருத்துவரைக் கேட்டு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து உண்ண வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் கொடுத்தல் ஆகாது. மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்வதில்லை. எனவே இரண்டு வாரங்கழித்து மீண்டும் ஒருமுறை உண்பது இன்றியமையாதது. நகங்களை ஒட்ட வெட்டுக. காலையில் எழுந்ததும் வெந்நீரிலேனும் கீழ்ப்பகுதியைக் கழுவி உள்ளாடையை மாற்றுக. இரவில் இறுக்கமான உள்ளாடை அணிவிக்க. உண்பதற்கு முன்னும் கழிப்பறை சென்ற பின்னும் சோப்பிட்டுக் கை கழுவுக. படுக்கையை அறைக்குள் உதறாமல் சுருட்டி எடுத்துச் சென்று விரிப்புகளைச் சுடுநீரில் துவைக்க. வட இந்தியப் பெண்கள் குளிர்காலத்தில் ரஜாய்களை மொட்டை மாடியில் வெயிலுக்குப் பரப்புவதை நாம் காண்கிறோம். அது நாமும் பின்பற்றத்தக்க நல்ல வழக்கம்.

மூன்றாம் வழியாகச் சரகர் கூறிய காரண விலக்கு இதுவே. வெல்லத்தைப் பூட்டி வைப்பதன்று, குழந்தையை அடிப்பதன்று, மருமகளின் வளர்ப்பைப் பழிப்பதுமன்று. பத்தாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வரும் ஒரு புழுவுக்கு எந்தத் தாயும் பொறுப்பாக மாட்டாள். அது குடும்பம் முழுவதையும் ஒன்றாகவே பிடிக்கிறது. ஆதலின் குடும்பம் முழுவதும் ஒன்றாக நின்றே அதனை விரட்டுதல் வேண்டும்.