பெயரில்லாதவர்களின் கூட்டம்

புலம்பெயர் சஞ்சிகைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் புனைபெயரின் தேவையை விளக்கவேண்டியதில்லை. இங்கே எழுதப்படும் ஒரு வரிக்கு ஊரிலிருக்கும் தாயோ தம்பியோ பதில்சொல்ல நேரலாம் என்ற பயம் எமக்குப் புதிதல்ல. புனைபெயர்க்காரர் யாரென்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். அவர் வாய்திறக்காதவரை பாதுகாப்பு. இணையத்தில் பெயர்மறைப்பின் வரலாறும் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்குகிறது: பட்டியலை வைத்திருக்கும் ஒரு மனிதரை நம்புவது.

1993இல் பின்லாந்தில் யொஹான் ஹெல்சிங்கியூஸ் என்பவர் 'பெனெற்' என்னும் அஞ்சற் சேவையை ஆரம்பித்தார். அனுப்புபவரின் முகவரியை அகற்றி, ஓர் இலக்கத்தை இட்டு, மடலை அது அனுப்பிவைக்கும். பதில் வந்தால் இலக்கத்தைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். ஆகவே எந்த இலக்கம் யாருடையது என்ற பட்டியல் அவரது கணனியில் இருந்தேயாக வேண்டும். 1995இல் ஸயன்ரோலொஜி மதநிறுவனத்தின் முறைப்பாட்டையடுத்துப் பொலிசார் வந்தனர். முழுப் பட்டியலும் பறிபோகாதிருக்க அவர் ஒரு முகவரியைக் கொடுக்க நேர்ந்தது. 1996 ஓகஸ்டில் நீதிமன்றமும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்க, சேவையை மூடிவிட்டார். அப்போது பாவனையாளர் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். அவர் நாணயமான மனிதர். ஆனால் நாணயம் மட்டும் போதவில்லை.

இதற்கான மாற்று 1981இலேயே எழுதப்பட்டிருந்தது. டேவிட் சௌம் என்ற அமெரிக்க ஆய்வாளர், செய்தியைப் பல உறைகளுக்குள் பூட்டிப் பல கைகள் வழியாக அனுப்பலாம் என்றார். ஒவ்வொரு கையும் தனக்குரிய உறையை மட்டுமே திறக்கும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் 1995இல் தொடங்கிய வேலை இதே எண்ணத்தை இணையத்துக்குக் கொண்டுவந்தது. அதற்கு 'வெங்காய வழி' என்று பெயரிட்டார்கள். தினமும் சாக்குக்கணக்கில் வெங்காயம் உரிக்கும் எனக்கு இந்த உவமை விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை.

2002இல் இது 'டோர்' என்ற வலையமைப்பாயிற்று. வழமையாக மூன்று கணனிகள் வழியே செய்தி செல்லும். முதலாவதற்கு நீங்கள் யாரென்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. மூன்றாவதற்குப் போகுமிடம் தெரியும், ஆளைத் தெரியாது. நடுவிலிருப்பதற்கு இரண்டும் தெரியாது. வற்புறுத்திப் பறிக்க ஒரு பட்டியல் இல்லை.

கடற்படை ஏன் இதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது? தயாள குணத்தால் அல்ல. கடற்படையினர் மட்டுமே பாவித்தால், அவ்வழியால் வருபவர் எல்லோரும் கடற்படையினர் என்று உலகம் அறிந்துவிடும். அவர்கள் மறைய மற்றவர்கள் தேவைப்பட்டார்கள். டோர் நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக அமெரிக்க அரசிடமிருந்தே வந்தது என்பதையும் மறக்கவேண்டியதில்லை.

கூட்டம் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதற்கு 2013 டிசம்பர் உதாரணம். ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவரொருவர் பரீட்சையைத் தவிர்க்க, டோர் வழியாகப் பொய்யான குண்டு மிரட்டல் அனுப்பினார். டோர் உடைக்கப்படவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வலையமைப்பில் டோர் பாவித்தவர்கள் யார் என்று தேடியே அவரிடம் வந்துசேர்ந்தார்கள். பெயர் மறைவது வேறு, உள்ளடக்கம் மறைவது வேறு என்பதும் நினைவிலிருக்க வேண்டும். 2007இல் சுவீடனைச் சேர்ந்த ஒருவர் டோரின் கடைசிக் கணனிகள் சிலவற்றைத் தானே நடத்தி, பூட்டப்படாமல் சென்ற தூதரக மின்னஞ்சல்களின் கடவுச்சொற்களைப் பிடித்துக் காட்டினார்.

முகவரி மறைந்தாலும் உலாவி காட்டிக்கொடுக்கும். திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி எல்லாம் சேர்ந்தால் ஒரு கைரேகை. 2010இல் ஓர் அமெரிக்க உரிமை அமைப்பு சுமார் 4,70,000 உலாவிகளைச் சோதித்ததில், நூற்றுக்கு 83க்கு மேற்பட்டவை தனித்து அடையாளம் காணக்கூடியனவாக இருந்தன. டோர் உலாவி எல்லோருக்கும் முடிந்தவரை ஒரே சட்டையை அணிவிக்கிறது. பிரேவ் உலாவி சட்டையை அடிக்கடி மாற்றிக் குழப்புகிறது. 2018 முதல் பிரேவிலும் டோர் ஜன்னல் உண்டு. ஆனால் உயிராபத்து உள்ளவர்கள் டோர் உலாவியையே பாவிக்கட்டும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. குரோமின் 'மறைநிலை' ஜன்னல் வீட்டில் அதே கணனியைப் பாவிப்பவரிடமிருந்து மட்டுமே மறைக்கும். இதுபற்றிய வழக்கொன்றில், திரட்டிய பலநூறு கோடிப் பதிவுகளை அழிக்க 2024இல் கூகிள் இணங்கியது.

வி.பி.என். சேவைகள் எம்மைத் திரும்பவும் பெனெற் காலத்துக்கே கொண்டுபோகின்றன. நடுவில் ஒரே நிறுவனம். எல்லாம் அதன் வழியாக. 2023 ஏப்ரலில் சுவீடனின் முல்வாட் அலுவலகத்துக்குப் பொலிசார் வந்து வெறுங்கையுடன் திரும்பினர். பாவனையாளரின் விபரங்களை அந்நிறுவனம் சேர்த்துவைக்காததே காரணம். எல்லா நிறுவனங்களும் அப்படியல்ல.

ஆகவே எந்தக் கருவியிடமும் கேட்கவேண்டியவை இரண்டு. பட்டியல் யாரிடம் இருக்கிறது? என்னைப்போல் எத்தனை பேர் இதற்குள் இருக்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்கான பதிலில் நாமும் அடக்கம். மறைக்க ஏதுமில்லாத ஒருவர் புளிக்குழம்பின் செய்முறையை டோரில் தேடினால், மறைந்தேயாக வேண்டிய யாரோ ஒருவருக்கு அது நிழலாகிறது.