காளையார்கோயில் காடு

சிவகங்கைச் சீமையின் முட்காடு. ஆங்கிலேயரை எதிர்த்த மருது சகோதரர்களின் அரண். 1801இல் காரைக்குடியை அடுத்த சிறுவயலிலிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முனைந்தது கர்னல் அக்னியூவின் கிழக்கிந்தியக் கும்பினிப் படை. வெட்டுகிறவர்கள் மீது புதருக்குள்ளிருந்து ஓயாத தாக்குதல். ஒரு மாதம் போராடியும் கோயிலை எட்ட முடியாமல் பின்வாங்கினர். அந்தப் போரில் மாண்டவற்றுள் மரங்களையும் எண்ண வேண்டும். அக்டோபர் 1இல் வேறு வழிகளில் புகுந்து கோயிலைப் பிடித்தனர்; 24இல் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்.

அந்த அடர்காடு இன்று இல்லை. சீமைக் கருவேலமே மிகுதி. ஆனாலும் காரைக்குடிக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் காரைச்செடி எஞ்சியிருக்கிறது. வெட்டிய தூர் மழை கண்டால் துளிர்க்கும். எதிரெதிர் முட்களுக்கிடையே மஞ்சளாகப் பழுக்கும் அதன் சிறு கனியைச் சிறுவர்கள் விரலில் கீறல் படாமல் பறித்துத் தின்பார்கள்.